மேசைமேல் எந்த பேட்டரி? மின்னணு ஆர்வலருக்கான பாதுகாப்பு ஒப்பீடு

சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ ஒரு சிறிய மின்னணுத் திட்டத்துக்கு பேட்டரி வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அதன்மேல் எத்தனை எம்ஏஎச் (மில்லியாம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) என்று அச்சிட்டிருக்கிறது என்பதையும் அதன் விலையையும்தான். இரண்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளுக்கான எண்கள். வீட்டு மேசையில் சுற்று கட்டிப் பழகுகிற நாமோ சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் மாற்றி இணைப்போம், சார்ஜில் போட்டதை மறந்து தூங்கிவிடுவோம், திருப்புளியைச் சுற்றுப்பலகைமேல் நழுவவிடுவோம். ஆகவே நாம் தவறு செய்கிற நாளில் எந்த பேட்டரி என்ன செய்யும் என்பதையே முதல் அளவுகோலாகக் கொண்டு, கொள்ளளவையும் விலையையும் அதற்குப் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பிடுவதற்கு வசதியாக மூன்று வேலைகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். முதலாவது, தரையில் வரைந்த கோட்டைப் பின்பற்றி ஓடும்படி பள்ளி மாணவர் ஒருவர் செய்யும் ரோபோ. இரண்டாவது, இஎஸ்பி32 என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் சூரியத்தகடும் வைத்து, மொட்டைமாடியில் ஆண்டு முழுவதும் கிடக்கவேண்டிய வானிலைப் பெட்டி. மூன்றாவது, சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சிறிய கையடக்கக் கருவி. இந்த மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது. ஆனால் மூன்றுக்கும் ஒரே பேட்டரியை வாங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

லித்தியம் ஏன் தனிக் கவனம் கேட்கிறது

3,500 எம்ஏஎச் கொண்ட, 18650 எனப்படும் ஓர் உருளை வடிவ லித்தியம் அயனி மின்கலத்தில், 3.6 வோல்ட் என்னும் பெயரளவு மின்னழுத்தத்தால் பெருக்கிப் பார்த்தால், 12.6 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. அது ஏறத்தாழ 45 கிலோஜூல், அதாவது ஒரு தம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். ஆற்றலின் அளவு மட்டுமே சிக்கல் என்றால் எல்லா பேட்டரிக்கும் அது பொருந்தும். லித்தியம் அயனி மின்கலத்தின் தனித்தன்மை, எரிபொருளும் அதனுள்ளேயே இருப்பது. அதிலுள்ள மின்பகுளி, அதாவது முனைகளுக்கிடையே அயனிகளைக் கடத்தும் திரவம், லித்தியம் உப்பு ஒன்றைக் கரைத்த, எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். உள்ளே வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி உயரும்போது எதிர்முனைமேல் படிந்திருக்கும் காப்புப்படலம் சிதைந்து தானே வெப்பம் வெளிவிடத் தொடங்கும். 130 டிகிரி அளவில் பாலிஎத்திலீன் பிரிப்பான் உருகும். அதற்கும் மேலே போனால், கோபால்ட், நிக்கல் சார்ந்த நேர்முனைப் பொருள் சிதைந்து ஆக்சிஜனை விடுவிக்கும். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்துக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்குவதால், ஓர் எல்லைக்கு மேல் கம்பியைப் பிடுங்கினாலும் இது நிற்காது. துணி போட்டு மூடினாலும் அணையாது. வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்னும் நச்சு வாயுவும் இருக்கக்கூடும் என்பதால், அருகில் நின்று ஊதி அணைக்க முயல்வது எல்லாவற்றிலும் மோசமான யோசனை.

இந்த மின்கலத்தின் வரலாற்றில் நமக்கு நேரடியாக உதவும் செய்தி ஒன்று உண்டு. 1989இல் கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் செய்த, லித்தியத்தை உலோகமாகவே எதிர்முனையில் வைத்த மின்கலங்கள் ஜப்பானில் கைப்பேசிகளில் தீப்பற்றியதால் திரும்பப் பெறப்பட்டன. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம், உலோக லித்தியத்தை விலக்கிக் கார்பனுக்குள் அயனியாக மட்டும் வைத்ததால்தான் நிலைத்தது. ஆனால் அந்த மின்கலத்தையே தாங்கக்கூடியதைவிட வேகமாகவோ, 0 டிகிரிக்குக் கீழான குளிரிலோ சார்ஜ் செய்தால், லித்தியம் கார்பனுக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. 1989இல் கைவிட்ட பொருளை நம் சார்ஜரே மறுபடியும் உள்ளே உருவாக்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

பெரிய தொழிற்சாலைகளுக்கும் இது எளிதான வேலை இல்லை. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைப்பேசி உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, பின்னர் வெளியான விளக்கத்தின்படி, ஒரு வழங்குநரின் மின்கலத்தில் மூலையில் எதிர்முனைத் தகடு வளைந்திருந்தது. மற்றொருவரின் மின்கலத்தில் பற்றவைப்பின் கூர்முனைகள் பிரிப்பானைத் துளைத்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இவ்வளவு செய்யும் என்றால், நாம் கத்திமுனையால் நெம்பி எடுக்கும் பழைய மின்கலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பை வடிவ லைபோ

ஆர்வலர்கள் மிக அதிகமாக வாங்குவதும், என் பார்வையில் மிகக் கடைசியாக வாங்கவேண்டியதும் இதுதான். லைபோவின் (லித்தியம் பாலிமர்) வேதியியல் மற்ற லித்தியம் அயனி மின்கலங்களிலிருந்து பெரிதாக வேறுபட்டதன்று. வேறுபாடு உடலில்தான். எஃகு உருளைக்குப் பதிலாக அலுமினியத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் பை அதற்கு உறை. பெட்டிக்குள் நீண்டிருக்கும் ஒரு திருகாணியின் முனையோ, சுற்றுப்பலகையின் அடியில் வெட்டாமல் விட்ட ஈயப்பற்றுக் காலோ அதைக் குத்திவிடும். உள்ளே வாயு சேர்ந்தால் அதை வெளிவிடத் தனி வால்வு இல்லாததால் பை உப்புகிறது. உப்பிய லைபோவை ஊசியால் குத்தி வாயுவை இறக்கலாம் என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது உள்ளே காற்றின் ஈரத்தையும் குறுக்குச்சுற்றையும் (ஷார்ட் சர்க்யூட்) ஒருசேர வரவழைக்கும் செயல். உப்பிய லைபோவுக்கு மறுவாழ்வு கிடையாது.

லைபோவில் இரு வேறு சாதிகள் இருப்பதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. சிறிய கருவிகளுக்கான ஒற்றை லைபோ பலவற்றில், மேல்விளிம்பில் மஞ்சள் நாடாவுக்கு அடியில், வரம்பு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு காப்புப்பலகை இருக்கும். டிரோனுக்கும் ரிமோட் காருக்கும் விற்கப்படும் தொகுப்புகளில் அது இருக்காது. 2,200 எம்ஏஎச், 25சி (கொள்ளளவின் 25 மடங்கு மின்னோட்டம்) என்று குறித்த டிரோன் தொகுப்பு 55 ஆம்பியர் வரை கொடுக்கும் என்று அதன் தயாரிப்பாளரே உறுதி சொல்கிறார். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அந்தத் தொகுப்பின் கம்பிகள் இரண்டையும் ஒரே வெட்டில் நறுக்கியவர் வெட்டுக்குறடின் வாயில் அரைவட்டமாக உருகிய பள்ளத்தைப் பார்த்திருப்பார். என்னிடம் அப்படியொரு குறடு இன்னும் இருக்கிறது.

அடுத்த ஆபத்து இணைப்பி. இரண்டு முள் கொண்ட ஜேஎஸ்டி இணைப்பியில் எந்தப் பக்கம் நேர்முனை என்பதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரு விற்பனையாளரின் பேட்டரியும் இன்னொருவரின் பலகையும் அழகாகப் பொருந்தும், ஆனால் முனைகள் தலைகீழாக இருக்கும். பொருந்துகிறது என்பதையே சரியானது என்று நம்பிச் சொருகுவதற்கு முன் மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்துவிட வேண்டும். மற்றொன்று சார்ஜ் மின்னோட்டம். நாம் வாங்கும் டிபி4056 சார்ஜர் பலகை பெரும்பாலும் 1.2 கிலோ ஓம் மின்தடையுடன் 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டே வரும். 150 எம்ஏஎச் லைபோவுக்கு அது ஆறு மடங்குக்கும் மேலான வேகம். அந்த மின்தடையை 10 கிலோ ஓம் ஆக மாற்றினால் மின்னோட்டம் சுமார் 130 மில்லியாம்பியராகக் குறையும். சில காசு பெறும் ஒரு மின்தடையை மாற்றத் தயங்குகிறவர் சிறிய லைபோவைத் தொடாமலிருப்பது நல்லது.

18650 உருளை

18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இந்த எஃகு உருளை, அதே வேதியியலைக் கொண்டிருந்தும் லைபோவைவிட மேலான தேர்வு. உறை எளிதில் குத்துப்படாது. தரமான மின்கலங்களில் நேர்முனைத் தொப்பிக்கு அடியில் அழுத்தம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பும், அதையும் மீறினால் வாயுவை வெளியேற்றும் வழியும் உண்டு. ஆனால் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. அடிப்பாகம் மட்டுமல்ல, உருளையின் பக்கவாட்டுச் சுவர் முழுவதும், நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட, எதிர்முனைதான். நேர்முனைக்கும் அந்த விளிம்புக்கும் இடையில் இருப்பவை ஒரு சிறு வளையமும், மேலே சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. உறை கிழிந்த மின்கலத்தை உலோகப் பிடிப்பானில் செருகுவது, சாவிக்கொத்தோடு சேர்த்துப் பையில் போடுவது ஆகியவை குறுக்குச்சுற்றுக்கு நேர்வழி. புது உறையும் வளையமும் மிக மலிவாகக் கிடைக்கின்றன.

போலிகளைக் கண்டறிவது கடினமன்று. இந்த அளவு உருளையில் வழக்கமாகக் கிடைப்பவை சுமார் 3,600 எம்ஏஎச்சுக்கு மேல் போவதில்லை. 9,900 என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணோடு சேர்த்து அந்த மின்கலத்தின் பாதுகாப்பும் பொய் என்று எடுத்துக்கொள்ளலாம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் நல்ல மின்கலம் 45 கிராமை ஒட்டி நிற்கும். அதைவிட மிகவும் இலேசாக இருப்பதற்குள் பெரும்பாலும் சிறிய மின்கலமோ நிரப்புப்பொருளோ இருக்கும். இந்தியாவில் லித்தியம் மின்கலங்கள் ஐஎஸ் 16046 தரநிலைப்படி பிஐஎஸ் (இந்தியத் தரநிர்ணய அமைவனம்) பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் அச்சிட்ட மின்கலத்தைக் கேட்டு வாங்குவது, கடைக்காரர் முகம் சுளித்தாலும், நம் உரிமை.

அடுத்து, காப்புப்பலகை உள்ளதா இல்லாததா என்னும் கேள்வி. அடியில் சிறு வட்டப்பலகை ஒட்டிய காப்புள்ள மின்கலம் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், விலையும் கூடுதல். தொடக்கநிலை ஆர்வலர் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். அப்பலகைகளில் வழக்கமாக இருக்கும் டிடபிள்யூ01 சில்லு, மின்னழுத்தம் 4.3 வோல்ட்டைத் தொட்டாலும் 2.4 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் இணைப்பைத் துண்டிக்கும். ஆயினும் அது வெப்பநிலையை அறியாது, மின்கலத்துக்கு உள்ளேயே நிகழும் குறுக்குச்சுற்றையும் அறியாது. டிபி4056 பலகையிலும் இரண்டு வகை உண்டு. மின்கலத்துக்கு இரண்டும் வெளியீட்டுக்கு இரண்டுமாகத் தனித்தனி முனைகள் இருந்தால் காப்பு உள்ள வகை, மின்கலத்துக்கான முனைகள் மட்டும் இருந்தால் வெறும் சார்ஜர். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மின்னோட்டம் அமைத்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் இந்தச் சில்லு சார்ஜை நிறுத்தும். கருவி ஓடிக்கொண்டே சார்ஜ் ஆனால், கருவி இழுக்கும் மின்னோட்டத்தையும் மின்கலம் ஏற்பதாகக் கருதி அது நிறுத்தாமலேயே இருக்கக்கூடும். கருவியை அணைத்துவிட்டுச் சார்ஜ் செய்வது எளிய தீர்வு.

பழைய மடிக்கணினித் தொகுப்பைப் பிரித்து மின்கலம் எடுப்பதைப் பற்றி ஆர்வலரிடையே ஒரு பெருமிதம் உண்டு. சிக்கனம் என்ற அளவில் அதை மதிக்கிறேன், தேர்வு என்ற அளவில் ஏற்கவில்லை. நீண்ட நாள் வெறுமையாய்க் கிடந்த மின்கலத்தில் எதிர்முனையின் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். அதை மறுபடி சார்ஜ் செய்யும்போது கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து உட்பாலம் கட்டும். 2 வோல்ட்டுக்கும் கீழே கண்ட மின்கலத்தை எழுப்பப் பார்க்காமல் மின்கழிவுக்கு அனுப்பிவிடுவதே முறை. 4.2 வோல்ட்டில் ஒன்றையும் 3.2 வோல்ட்டில் ஒன்றையும் இணையாகக் கோத்தால், இரண்டின் உட்தடையும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 10 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கட்டுப்பாடின்றிப் பாயும். தொடராகக் கோப்பவர்களுக்கு ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே கவனித்துச் சமன்செய்யும் பிஎம்எஸ் பலகை கட்டாயம். மின்கலத்தின்மேல் நேரடியாக ஈயம் பற்றவைப்பதும் வேண்டாம். அந்தச் சூடு பிரிப்பானுக்குத்தான் போகும்.

இரும்பு பாஸ்பேட்

1990களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபின் ஆய்வகத்திலிருந்து வந்த நேர்முனைப் பொருள் இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட். 2019இல் வேதியியல் நோபலை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்ட அதே குடினஃப். இதில் ஆக்சிஜன், பாஸ்பரசுடன் வலுவான பிணைப்பில் கட்டுண்டிருப்பதால், சூட்டில் அவ்வளவு எளிதில் வெளியேறாது. முன்பு சொன்ன தொடர்வினையின் கடைசிப் படி இங்கே மிகவும் தளர்ந்துவிடுகிறது. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விற்பவர்கள் சொல்வது மட்டும் உண்மையன்று. மின்பகுளி அதே எரியும் கரைப்பான்தான், மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி சேர்ந்து தீப்பொறி கிடைத்தால் வெடிக்கவும் கூடும்.

இந்தப் பாதுகாப்புக்கு விலையாக நாம் கொடுப்பது ஆற்றலை. 18650 அளவில் இரும்பு பாஸ்பேட் மின்கலம் 1,500 எம்ஏஎச், 3.2 வோல்ட், அதாவது 4.8 வாட்-மணி அளவில்தான் நிற்கும். மொட்டைமாடிப் பெட்டிக்கு இது ஒரு குறையே இல்லை, 32700 என்னும் பெரிய உருளையை வைத்தால் 6,000 எம்ஏஎச் கிடைத்துவிடும். ஆனால் இங்கேதான் புது ஆபத்து ஒன்று நுழைகிறது. இதன் முழு மின்னழுத்தம் 3.65 வோல்ட். அளவும் உருவமும் ஒன்றாக இருப்பதால், 4.2 வோல்ட் வரை ஏற்றும் டிபி4056 சார்ஜரில் இதைச் செருகிவிடுவது மிக எளிது. அங்கே உள்ள காப்புச்சில்லும் 4.3 வோல்ட் வரை பொறுத்திருக்கும் என்பதால் அதுவும் உதவாது. 3.6 வோல்ட்டுக்கு மாற்றி அமைக்கக்கூடிய டிபி5000 பலகையைப் பயன்படுத்தி, அந்த அமைப்பை மல்டிமீட்டரால் உறுதிசெய்த பிறகே மின்கலத்தை இணைக்க வேண்டும். இரண்டு வகையையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர் உறைமேல் பெரிய எழுத்தில் எழுதிவைக்கட்டும். பெயரில் ஐஎஃப்ஆர் என்று தொடங்கினால் இரும்பு, ஐசிஆர், ஐஎன்ஆர் என்று தொடங்கினால் கோபால்ட், நிக்கல் வகை.

லித்தியம் இல்லாத வழிகளும் பவர் பேங்கும்

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது கடையில் ரீசார்ஜபிள் ஏஏ என்று கேட்டால் கிடைப்பது, பழையது என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அதன் மின்பகுளி நீரில் கரைத்த காரம், ஆகவே எரியாது. 2005இல் சான்யோவின் எனெலூப் வந்த பிறகு, அலமாரியில் வைத்தாலே சார்ஜ் தீர்ந்துவிடும் என்ற பழைய குறையும் பெருமளவு நீங்கியது. நான்கு ஏஏ சேர்ந்தால் 4.8 வோல்ட், 9.6 வாட்-மணி, சுமார் 110 கிராம். ஒற்றை 18650ஐவிட எடை இரு மடங்குக்கு மேல், ஆற்றல் குறைவு. ஆனாலும் பன்னிரண்டு வயது மாணவர் கம்பியை மாற்றி இணைத்தால் சுடும், நாறும், பிடிப்பான் உருகும், பெரும்பாலும் அத்தோடு முடியும். எரியாது என்பதற்காக உருகி (ஃபியூஸ்) போடாமல் விடக்கூடாது. குறுக்குச்சுற்றில் இதுவும் பத்து ஆம்பியருக்கு மேல் கொடுத்து மெல்லிய கம்பியைச் சிவக்கவைக்கும். ரோபோ மந்தமாக ஓடுகிறது என்று லித்தியத்துக்குத் தாவுகிறவர்கள் முதலில் எல்298 என்னும் மோட்டார் இயக்கிப் பலகையை மாற்றிப் பார்க்கலாம். அது மட்டுமே சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். ஏஏ அளவிலேயே 14500 என்ற 3.7 வோல்ட் லித்தியம் மின்கலமும் விற்கப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

யுபிஎஸ்களில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. நகராத வேலைக்கு மலிவானது, காற்றோட்டமும் உருகியும் கேட்பது. இங்கே அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

பவர் பேங்கை ஒரு பேட்டரித் தேர்வாக யாரும் எண்ணுவதில்லை, அது எனக்கு வியப்பாக இருக்கிறது. பிஐஎஸ் பதிவுள்ள ஒரு பவர் பேங்கில் மின்கலம், சார்ஜர், காப்பு, உறை நான்கையும் வேறொருவர் சோதித்துக் கொடுத்திருக்கிறார். நமக்கு யூஎஸ்பி வழியே 5 வோல்ட் வருகிறது. குறைந்த மின்னோட்டம் இழுத்தால் தானே அணைந்துவிடும் என்பதால் தூங்கி விழிக்கும் வானிலைப் பெட்டிக்கு உதவாது, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் பலகைகளுக்கும் ரோபோவுக்கும் மிகப் பொருத்தம்.

ஒரு பக்கக் குறிப்பு. நேரங்காட்டிக்காகப் பலரும் வாங்கும் டிஎஸ்3231 சிறுபலகையின் மலிவான வடிவத்தில், நாணய பேட்டரிக்கு ஒரு டயோடு வழியாகவும் 200 ஓம் மின்தடை வழியாகவும் சார்ஜ் செல்கிறது. சார்ஜ் செய்யவே கூடாத சிஆர்2032ஐ அதில் போடுகிறோம். அந்த மின்தடையை நீக்கிவிட வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் நாணய பேட்டரி சிதறிக் கிடக்கவும் கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் அரிக்கப்படலாம்.

மூன்று வேலைகளுக்கும்

மாணவரின் ரோபோவுக்கு நான்கு ஏஏ நிக்கல் மின்கலங்களும் ஓர் உருகியும், அல்லது ஒரு பவர் பேங்க். இதில் எனக்கு ஐயமே இல்லை. பள்ளி ஆய்வகத்தில் லைபோவை அனுமதிப்பது, கூடவே இருந்து கண்காணிக்க ஒருவர் இருந்தால் மட்டுமே.

மொட்டைமாடிப் பெட்டிக்கு இரும்பு பாஸ்பேட். காரணம் சித்திரை வெயில். லித்தியம் மின்கலங்களைச் சார்ஜ் செய்ய வழக்கமான மேல் வரம்பு 45 டிகிரி. வெயில் நேராக விழும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதைத் தாண்டுவது சென்னையிலோ வேலூரிலோ அன்றாடம். சூரியத்தகடு மிக வேகமாகச் சார்ஜ் செய்வதும் அதே நண்பகலில்தான். என் முதல் பெட்டியில் வைத்த லைபோ ஒரு கோடையிலேயே மூடியைத் தள்ளிக்கொண்டு உப்பிவிட்டது. இப்போது மின்கலப் பெட்டியைத் தகட்டிலிருந்து பிரித்து, வடக்குப் பார்த்த சுவரின் நிழலில், காற்றுத்துளைகளுடன் தனியே வைத்திருக்கிறேன். இஎஸ்பி32க்கு உயர்ந்த எல்லை 3.6 வோல்ட் என்பதால், நேரடியாக இணைக்காமல் மின்னழுத்த வீழ்ச்சி குறைந்த சீராக்கி (ரெகுலேட்டர்) ஒன்றையும் இடையில் வைத்தேன்.

கையடக்கக் கருவிக்கு மட்டும் லைபோவைத் தவிர்க்க முடிவதில்லை, உருளை பையில் அடங்காது. காப்புப்பலகை உள்ளதாக வாங்கி, கொள்ளளவில் பாதிக்கு மேல் போகாத மின்னோட்டத்துக்குச் சார்ஜரை மாற்றி, பெட்டிக்குள் உப்புவதற்கு ஒரு மில்லிமீட்டராவது இடம் விட்டு, கூர்முனைகள் படாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை இடையில் வைக்கிறேன். சார்ஜ் செய்வது வாய் அகன்ற மண்தொட்டிக்குள், தரையோட்டின்மேல், திரைச்சீலைக்கு எட்டாத இடத்தில், நான் விழித்திருக்கும்போது. வெளியே ஓடும் வழியில் அந்தத் தொட்டியை வைப்பதில்லை. புகை கிளம்பினால் ஆட்களை வெளியேற்றிவிட்டு, பாதுகாப்பான தொலைவிலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் வழி. லித்தியம் உலோகத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று பள்ளியில் படித்தது இந்த மின்கலத்துக்குப் பொருந்தாது, இங்கே வேண்டியது குளிர்ச்சி. பயன்படுத்தாத மாதங்களில் 3.8 வோல்ட்டில் நிறுத்திவைக்கிறேன். உப்பியதையும் இறந்ததையும் முனைகளில் நாடா ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுக்கிறேன். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.